பழைய டீசல் வண்டி வாங்குமுன் எஞ்சினைச் சோதிப்பது எப்படி: குளிர்ந்த எஞ்சினில் தொடங்கும் முழுமையான வழிகாட்டி

2016ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் வேளச்சேரிப் பக்கம் ஒருவரிடம் டீசல் செடான் ஒன்றை வாங்கினேன். நண்பகலில் போய்ப் பார்த்தோம். சாவியைத் திருப்பியவுடன் எஞ்சின் எழுந்தது, புகை இல்லை, சத்தமும் சீராக இருந்தது. பானெட்டைத் தொட்டபோது கை சுட்டது. வெயிலில் நின்ற வண்டிதானே என்று விட்டுவிட்டேன். மறுநாள் விடியற்காலையில் என் வீட்டு வாசலில் ஏழெட்டு முறை செல்ஃப் அடித்த பிறகுதான் அது உயிர் பெற்றது, தெருவே மறையும் அளவுக்கு வெள்ளைப் புகை கக்கியது, மூன்று சிலிண்டரில் ஓடுவதுபோல் குலுங்கியது. எஞ்சினைப் பிரித்த மெக்கானிக் மூன்றாவது சிலிண்டரின் கனெக்டிங் ராடை (பிஸ்டனைக் கீழே சுழலும் தண்டோடு இணைக்கும் கம்பி) வெளியே எடுத்து, ஓர் இரும்பு ஸ்கேலை அதன் மேல் வைத்துக் காட்டினார். நடுவில் அரை நூல் அளவுக்கு இடைவெளி தெரிந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கி, தண்ணீரை உள்ளே இழுத்து, ராடு வளைந்த வண்டி அது. நாங்கள் பார்க்கப் போகுமுன் அதை அரை மணி நேரம் ஓடவிட்டு நன்றாகச் சூடாக்கி வைத்திருந்தார்கள்.

அன்றிலிருந்து உறவினருக்கும் நண்பருக்கும் வண்டி பார்க்கப் போகும்போதெல்லாம் நான் விடாமல் கேட்கும் நிபந்தனை ஒன்றுதான்: இரவு முழுவதும் நிறுத்தி வைத்த, முற்றிலும் குளிர்ந்த எஞ்சினை என் கண்ணெதிரே முதல்முறையாக ஸ்டார்ட் செய்ய வேண்டும். மற்ற சோதனைகள் எல்லாம் இதற்குப் பின்னால்தான் வரும்.

காரணம் டீசல் எஞ்சின் வேலை செய்யும் முறையிலேயே இருக்கிறது. பெட்ரோல் எஞ்சினில் இருப்பதுபோல் இதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே வரும் காற்றை ஏறத்தாழ 16 முதல் 18 மடங்கு வரை, பழைய வகை எஞ்சின்களில் 20 மடங்குக்கும் மேல், பிஸ்டன் அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் காற்று கொதித்துப் போயிருக்கும்போது நாஸில் வழியாகப் பீய்ச்சப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்தாலும், வால்வு சரியாக மூடாவிட்டாலும், ராடு வளைந்து பிஸ்டன் முழு உயரத்துக்கு ஏறாவிட்டாலும், அழுத்தம் குறைந்து காற்றின் சூடும் குறைகிறது. ஏற்கெனவே சூடேறிய எஞ்சினில் சிலிண்டரின் சுவரே அந்தக் குறையை ஈடுகட்டிவிடும். சென்னையின் வெயிலும் விற்பவருக்குத்தான் துணை நிற்கிறது. மார்கழிக் காலையிலும் இங்கே 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்பதால், ஊட்டியில் ஸ்டார்ட் ஆகாத எஞ்சின் கூட அண்ணா நகரில் தயங்காமல் எழுந்துவிடும். ஆகவே, சூரியன் ஏறுமுன் ஆறு அல்லது ஆறரை மணிக்கு, வண்டி நிற்கும் இடத்துக்கே நீங்கள் போக வேண்டும்.

போகுமுன் கேட்க வேண்டியவை

முந்தைய நாள் மாலையில் தொலைபேசியில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: "காலையில் நான் வந்த பிறகுதான் ஸ்டார்ட் பண்ணணும்." இதற்கு மறுப்பே இல்லாமல் சரி என்பவரிடம் பாதி நம்பிக்கை வைக்கலாம். "நானே வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டுறேன் சார், உங்களுக்கு எதுக்கு அலைச்சல்" என்று ஒரு தரகர் அன்போடு சொன்னால், அந்த உபசாரத்தை ஏற்றுக்கொள்ளாதீர்கள். வந்து சேரும் வண்டி சூடாகத்தான் வரும்.

வண்டி எப்படி ஓடியது என்பதை, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதற்கு முன்பாகக் கேளுங்கள். மாதம் இருமுறை திருச்சிக்கும் மதுரைக்கும் போய்வந்து ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய டீசல் எஞ்சின், வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் இடையில் தினம் நான்கு கிலோமீட்டர் ஊர்ந்து 35,000 கிலோமீட்டர் காட்டும் எஞ்சினைவிடப் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும். டீசல் எஞ்சினுக்கு நீண்ட, சீரான ஓட்டம் ஒத்துவரும். சூடேறுமுன்னே அணைக்கப்படுவது ஒத்துவராது.

ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண்ணின் நகலை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்ததாக, டி போர்டாக ஓடிப் பின்னர் ஓன் போர்டாக மாற்றப்பட்ட வண்டியா என்று கேளுங்கள். டாக்சியாக ஓடியது குற்றம் இல்லை. ஆனால் அப்படி ஓடிய வண்டி 60,000 கிலோமீட்டர் காட்டினால் அந்த எண்ணை நம்ப வழியில்லை. சர்வீஸ் ரசீதுகளில் ஆயில் மாற்றிய தேதியையும் அன்றைய கிலோமீட்டரையும் வரிசையாகப் பார்த்தால், எண் எங்கேனும் பின்னோக்கிப் போயிருக்கிறதா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஸ்டார்ட் செய்யுமுன்: பானெட்டுக்குக் கீழே கால் மணி நேரம்

போனவுடன் பானெட்டைத் திறந்து எஞ்சின் பிளாக்கையும் ரேடியேட்டரின் மேல் ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சோதனையை அங்கேயே நிறுத்திவிட்டு, வேறொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். குளிர்ந்திருந்தால், அந்த ஹோஸை விரல்களால் அழுத்துங்கள். இரவெல்லாம் நின்ற எஞ்சினில் அது தளர்வாக இருக்க வேண்டும். உள்ளே அழுத்தம் தங்கி விறைப்பாக நின்றால், சிலிண்டரின் வாயு குளிரூட்டி நீருக்குள் புகுகிறது என்ற சந்தேகம் எழ வேண்டும். ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் தலைப்பகுதியான ஹெட்டுக்கும் இடையில் வாயுவும் நீரும் கசியாமல் அடைக்கும் தகடு) பழுதுக்கு இது ஓர் ஆரம்ப அறிகுறி.

கூலன்ட் தொட்டியின் மூடியைக் குளிர்ந்த நிலையில் மட்டுமே திறக்க வேண்டும். உள்ளே பச்சை, சிவப்பு, நீலம் என நிறமுள்ள, தெளிவான திரவம் இருக்க வேண்டும். நம் ஊரில் பல வண்டிகளில் செங்காவி நிறத்தில் துருத் தண்ணீர்தான் இருக்கிறது. கூலன்ட் வாங்கச் சோம்பி, போர் தண்ணீரையும் லாரித் தண்ணீரையும் ஆண்டுக்கணக்கில் ஊற்றியதன் விளைவு அது; அந்த உப்பு ரேடியேட்டரின் நுண்குழாய்களில் படிந்துவிடும், வாட்டர் பம்பையும் அரித்துவிடும். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் அந்த வண்டியை விட்டுவிடுவதே நல்லது.

அடுத்து ஆயில். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். பெட்ரோல் வண்டி ஓட்டிப் பழகியவர்கள் ஆயில் கறுப்பாக இருப்பதைப் பார்த்துப் பதறுவதுண்டு. டீசல் எஞ்சினில் ஆயில் மாற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிடும், ஏனெனில் எரிதலின் கரியை அது தன்னோடு கொண்டுவருகிறது. கவனிக்க வேண்டியவை வேறு. பால் கலந்த காபிபோல் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இரு விரலுக்கிடையே தேய்க்கும்போது நறநறவென்று உலோகத் துகள் தட்டுப்பட்டால் பேரிங் தேய்ந்துகொண்டிருக்கிறது. ஆயிலின் அளவு மேல் கோட்டைத் தாண்டி நின்று, மோந்து பார்த்தால் டீசல் வாடை அடித்தால், எரிபொருள் ஆயிலோடு கலக்கிறது. இந்தக் கடைசிக் குறையைப் பலரும் கவனிப்பதில்லை, ஆயில் நிறைய இருப்பதை நல்லது என்றே எண்ணிவிடுகிறார்கள். டீசல் கலந்து நீர்த்துப்போன ஆயில் பேரிங்குகளையும், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவையும் காப்பாற்றாது.

எஞ்சினின் தலைப்பகுதியில் நாஸில்கள் இறங்கும் இடத்தை ஒரு சிறு டார்ச் அடித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் மூடி இருந்தால், அனுமதி கேட்டுக் கழற்றச் சொல்லுங்கள். நாஸிலின் அடியில் தார் காய்ச்சி ஊற்றியதுபோல் கெட்டியான கறுப்புப் பிசின் படிந்திருந்தால், அங்குள்ள செம்பு வாஷர் வாயுவை விடுகிறது. வாஷர் விலை அற்பம். ஆனால் அந்தப் பிசினுக்குள் இறுகிப்போன நாஸிலை உடைக்காமல் உருவுவது நல்ல மெக்கானிக்குக்கே ஒரு நாள் வேலை. மிகவும் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கும் எஞ்சினையும் நான் விரும்புவதில்லை. வாட்டர் வாஷ் செய்து பாலிஷ் அடித்துவிட்டால் எங்கே ஆயில் கசிகிறது என்பதே தெரியாது. ஓரளவு தூசி படிந்த எஞ்சினில்தான் கசிவின் தடம் தெளிவாகத் தெரியும்.

இங்கேயே எஞ்சின் எண்ணையும் நகலோடு ஒப்பிடுங்கள். எண் பொறித்த இடம் ராவப்பட்டிருந்தாலோ, எழுத்துகள் வரிசை தப்பியிருந்தாலோ, மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டாம். பழைய வண்டி உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழைய எஞ்சின் வாங்கி மாற்றியிருப்பதில் தவறில்லை, அந்த மாற்றம் ஆர்.சி.யில் முறைப்படி பதிவாகியிருக்கும் வரை.

வெள்ளம் பார்த்த வண்டியா?

சென்னையில் வண்டி வாங்குகிறவர் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை போன்ற பகுதிகளில் எண்ணற்ற வண்டிகள் தண்ணீருக்குள் நின்றன. நின்ற வண்டியைத் தொடாமல் இழுத்துச் சென்று சுத்தம் செய்திருந்தால் எஞ்சின் பிழைத்திருக்கும். தண்ணீருக்குள் ஸ்டார்ட் செய்திருந்தால், ஏர் ஃபில்டர் வழியாக உள்ளே போன தண்ணீரைப் பிஸ்டன் அழுத்தப் பார்த்திருக்கும். தண்ணீர் அமுங்காது, ராடுதான் வளையும். ராடு வளைந்த எஞ்சின் சில மாதங்கள் ஓடவும் செய்யும் என்பதுதான் இதில் உள்ள அபாயம்.

ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து, ஃபில்டரை எடுத்துவிட்டு, பெட்டியின் அடி மூலைகளில் விரலை விட்டுத் துழாவுங்கள். வெளியே எவ்வளவு கழுவினாலும், அந்த மூலைகளிலும் மூடியின் ரப்பர் பள்ளத்திலும் மணலைப்போல் நுண்ணிய வண்டல் தங்கியிருக்கும். பின்னர் முன்சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி அதன் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று பாருங்கள்; ஸ்டெப்னி கிடக்கும் குழியின் அடிப்பகுதியையும், சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து அதன் உள்நுனியையும் பாருங்கள். பெல்ட்டின் நுனியில் படிந்த சேற்றுக் கோட்டை அழிக்க யாருக்கும் தோன்றுவதில்லை. திருவான்மியூர், பெசன்ட் நகர், எண்ணூர் என்று கடலோரத்தில் நின்ற வண்டிகளில் உப்புக்காற்றால் வரும் துரு வேறு மாதிரியானது. அது வெளிப்புற போல்ட்டுகளிலும் சைலன்சரிலும் பரவலாக இருக்கும், சீட்டுக்கு அடியில் இருக்காது.

முதல் ஸ்டார்ட்

சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, மீட்டரில் எஞ்சின் விளக்கும் ஆயில் விளக்கும் எரிகின்றனவா என்று பாருங்கள். ஸ்டார்ட் செய்யுமுன் அவை எரியத்தான் வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ பல்பைப் பிடுங்கியோ மறைத்தோ வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த சிலிண்டரை முன்கூட்டியே சூடேற்றும் குளோ பிளக்கின், சுருள் கம்பிபோல் தெரியும் விளக்கு அணைந்த பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, நீங்கள் வண்டியின் பின்னால் சைலன்சர் பக்கம் நில்லுங்கள். துணைக்கு வந்தவர் எஞ்சின் பக்கம் நின்று சத்தத்தைக் கேட்கட்டும்.

நல்ல எஞ்சின் ஒன்றிரண்டு நொடிகளுக்குள் பற்றிக்கொள்ளும். ஐந்து நொடிக்கு மேல் செல்ஃப் சுற்றினால் பேட்டரி, குளோ பிளக், டீசல் லைனில் காற்று, நாஸில், கம்ப்ரஷன் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். இதில் முதல் இரண்டும் சிறு செலவு, கடைசி இரண்டும் பெருஞ்செலவு. எது என்று உறுதியாகத் தெரியாமல் பேரம் பேசத் தொடங்காதீர்கள். ஆயில் விளக்கு இரண்டு மூன்று நொடிகளில் அணைய வேண்டும்.

சத்தத்தில், முதல் நொடியில் சங்கிலி உரசுவதுபோல் ஒரு கரகரப்பு எழுந்து மறைந்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். அது தொடர்ந்து கேட்டால், வால்வுகளைப் பிஸ்டன்களோடு நேரம் தப்பாமல் இயக்கும் டைமிங் செயினோ, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோ தளர்ந்திருக்கிறது. ஸ்விஃப்ட், டிசையர் போன்ற பல வண்டிகளில் வந்த 1.3 லிட்டர் டீசல் எஞ்சினில் இருப்பது செயின்தான். இன்னோவாவின் 2.5 லிட்டர், டஸ்டரின் 1.5 லிட்டர், ஈகோஸ்போர்ட்டின் 1.5 லிட்டர் டீசல் எஞ்சின்களில் இருப்பது பெல்ட். பெல்ட் உள்ள வண்டியில் அதை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது கேளுங்கள். வாய்வார்த்தையை ஏற்க வேண்டாம். ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதிக்கொள்ளும், அதற்குப் பிறகு மிஞ்சுவது எஞ்சினின் இரும்பு விலைதான். ரசீது இல்லையென்றால், பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்ள வேண்டும்.

புகை சொல்வது

ஸ்டார்ட் ஆன கணத்தில் லேசான கறுப்புப் புகை ஒரு மூச்சு வந்து மறைவது, குறிப்பாகப் பழைய வண்டிகளில், இயல்பு. அதன் பின் வெளிவரும் புகையை நிறத்தோடு மணத்தையும் சேர்த்துக் கவனியுங்கள்.

கண்ணை எரிக்கும், பச்சை டீசல் வாடையுள்ள வெள்ளைப் புகை எரியாத எரிபொருளைக் குறிக்கிறது. ஒரு சிலிண்டர் சூடேறவில்லை, அல்லது நாஸில் பீய்ச்சாமல் ஒழுகுகிறது. அரை நிமிடத்தில் அடங்கிவிட்டால் குளோ பிளக்கோடு முடிந்துவிடலாம். எஞ்சின் சூடான பிறகும் விடாமல், இனிப்பு கலந்த வாடையோடு வெள்ளையாக வந்தால் கூலன்ட் எரிகிறது; ஹெட் கேஸ்கெட்டோ ஹெட்டோ பழுது. நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். நின்ற வண்டியை ரேஸ் செய்யும்போது தொடர்ந்து நீலம் வந்தால் ரிங் தேய்மானம் என்றும், சற்று நேரம் ஐடிலில் விட்டுப் பின் ரேஸ் செய்தால் மட்டும் ஒரு குவியலாக வந்தால் வால்வு சீலோ டர்போ சீலோ போயிருக்கலாம் என்றும் கொள்ளலாம். கறுப்புப் புகைக்குப் பொருள், காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம் என்பதே. அடைத்த ஏர் ஃபில்டரிலிருந்து கிழிந்த டர்போ ஹோஸ், கரி பிடித்த இ.ஜி.ஆர். வால்வு (புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விடுவது), தேய்ந்த நாஸில் வரை காரணங்கள் நீளும்.

இதற்கு எண்ணிக்கையில் ஒரு சாட்சியும் கிடைக்கும். புகைச் சான்றிதழ் தரும் மையத்தில் டீசல் வண்டியின் ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்து, வரும் புகையின் அடர்த்தியை அளக்கிறார்கள். பி.எஸ். 4 என்ற மாசுத் தரத்தில் வந்த வண்டிக்கு அந்த அளவு 1.62ஐத் தாண்டக் கூடாது, பி.எஸ். 6 வண்டிக்கு 0.7ஐத் தாண்டக் கூடாது. பழைய சான்றிதழைப் பார்த்துத் திருப்தி அடையாமல், உங்கள் முன்னிலையில் புதிதாக எடுக்கச் சொல்லுங்கள். வரம்புக்குள் இருந்தாலும் அதன் விளிம்பில் நிற்கும் எஞ்சின் உங்களுக்கு ஒரு செய்தி சொல்கிறது. டைமிங் பெல்ட்டின் வரலாறு தெரியாத எஞ்சினில் மட்டும், முழு ரேஸ் கொடுக்கும் இந்தச் சோதனையைக் கடைசிக்கு ஒதுக்கி வையுங்கள்.

பேக் கம்ப்ரஷன்

எஞ்சின் ஐடிலில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, துவாரத்தின் மேலேயே தலைகீழாக வைத்துப் பாருங்கள். சிலிண்டரில் அடைபட வேண்டிய அழுத்தம் ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கினால், அது இந்த வழியாகத்தான் வெளியேறும். நம் மெக்கானிக்குகள் இதைத்தான் பேக் கம்ப்ரஷன் என்கிறார்கள். மூடி லேசாக ஆடலாம், மெல்லிய ஆவியும் வரலாம், அதில் தவறில்லை. புகைவண்டி எஞ்சின்போல் புக்கு புக்கென்று புகை தள்ளி, மூடியைத் தூக்கி எறிந்தால் எஞ்சினுக்கு முழு ஓவர்ஹால் நெருங்கிவிட்டது. டிப்ஸ்டிக் குழாய் வழியாக ஆயில் வெளியே தெறித்திருப்பதும் இதே குறையின் அடையாளம்.

ஆயினும், இந்தச் சோதனை ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. எஞ்சினுக்கு எஞ்சின் துவாரம் இருக்கும் இடம் மாறும். சிலவற்றில் உள்ளே சுழலும் உறுப்புகளே காற்றை வீசி மூடியை ஆட்டும். ஒரே வகை எஞ்சின் கொண்ட வேறொரு நல்ல வண்டியில் முன்னதாகப் பார்த்து வைத்துக்கொண்டால் ஒப்பிட எளிது.

பத்து நிமிடம் ஐடிலில் விட்டுவிட்டு, ஏ.சி.யைப் போடுங்கள். ஆர்.பி.எம். ஒருமுறை அசைந்து நிலைகொள்ள வேண்டும். ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் டீசல் வழங்கலில் குறை இருக்கிறது. கூலன்ட் தொட்டியின் மூடியைத் தொடாமலே பக்கவாட்டில் பாருங்கள்: குமிழிகள் ஓயாமல் வரக் கூடாது.

சாலையில்

ஓட்டிப் பார்க்கக் குறைந்தது முக்கால் மணி நேரம் கேட்டு வாங்குங்கள். தெருவைச் சுற்றி வருவதால் எந்தப் பயனும் இல்லை. சென்னை சமதள ஊர் என்பதால் எஞ்சினுக்குச் சுமை கொடுக்க மேம்பாலங்களைத்தான் நாட வேண்டும். கத்திப்பாரா ஏற்றமும், பரங்கிமலை உச்சிக்குப் போகும் சாலையும் இதற்கு ஏற்றவை. நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, ஏ.சி. ஓட, மூன்றாவது கியரில் 1,500 ஆர்.பி.எம்.மிலிருந்து ஆக்சிலேட்டரை முழுவதும் மிதியுங்கள். 2,000ஐ ஒட்டி டர்போ இழுக்கத் தொடங்குவதை முதுகு சீட்டில் அழுந்துவதிலேயே உணரலாம். அந்த இழுப்பு வராமல் எஞ்சின் சோர்ந்து போனாலோ, திடீரென்று சக்தி அறுந்து விளக்கு எரிந்தாலோ, டர்போ, அதன் ஹோஸ்கள், இ.ஜி.ஆர். ஆகிய மூன்றில் ஒன்றில் கோளாறு. மெல்லிய விசில் சத்தம் டர்போவுக்கு இயல்பு. ஆம்புலன்ஸ் சைரன்போல் ஏறி இறங்கினால் அதன் தண்டு தளர்ந்திருக்கிறது.

பிறகு சென்னை பைபாஸிலோ, வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகும் வெளிவட்டச் சாலையிலோ இருபது நிமிடம் சீராக ஓட்டுங்கள். வெப்பமானி முள் நடுவில் வந்து அங்கேயே நிற்க வேண்டும். மேம்பாலத்தில் இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, கீழே வந்ததும் அழுத்துங்கள். பின்னால் வருகிற நண்பரின் வண்டியிலிருந்து புகையின் நிறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். உள் கண்ணாடியில் பார்ப்பது போதாது.

திரும்பி வந்ததும் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணைத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா நாஸில்களுக்கும் உயர் அழுத்தத்தில் டீசல் போகும் காமன் ரெயில் எஞ்சின்களில் நாஸிலோ ஹை பிரஷர் பம்போ தேய்ந்திருந்தால், சூட்டில் டீசல் இளகி அதிகமாகக் கசிவதால், குளிரில் எழுந்த எஞ்சின் சூட்டில் எழத் தயங்கும். குளிர் ஸ்டார்ட் கம்ப்ரஷனைக் காட்டுகிறது என்றால், சூடு ஸ்டார்ட் டீசல் வழங்கலைக் காட்டுகிறது. இரண்டையும் தேறிய எஞ்சினை ஒர்க்ஷாப்புக்கு எடுத்துச் செல்லலாம்.

ஒர்க்ஷாப்பில்

உங்களுக்குத் தெரிந்த, விற்பவருக்குத் தெரியாத ஒர்க்ஷாப்பாக அது இருக்கட்டும். முதலில், எஞ்சின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஸ்கேனர். பிழைக் குறியீடு எதுவும் இல்லை என்று திரையில் வந்ததும் மகிழ்ந்துவிடாமல், குறியீடுகளை அழித்து எத்தனை கிலோமீட்டர் ஆகிறது என்ற விவரத்தைக் கேளுங்கள். அது 12 கிலோமீட்டர் என்று காட்டினால், நேற்று யாரோ அழித்துவிட்டு உங்களுக்காக வண்டியைத் தயார் செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் எஞ்சின் கம்ப்யூட்டர் செய்யும் டீசல் திருத்த அளவையும் பாருங்கள். மூன்று ஒரே மாதிரியும் ஒன்று மட்டும் வெகுதூரமும் இருந்தால் அந்தச் சிலிண்டரில் வேலை இருக்கிறது.

அடுத்தது நாஸில் ரிட்டர்ன் சோதனை. நான்கு நாஸில்களின் ரிட்டர்ன் குழாய்களையும் கழற்றி, நான்கு சிறிய பாட்டில்களில் விட்டு, எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிடுவார்கள். நான்கு பாட்டிலிலும் டீசல் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் ஏற வேண்டும். ஒரு பாட்டில் மட்டும் மற்றவை கால் பங்கு நிறையுமுன் பாதிக்கு வந்துவிட்டால், அந்த நாஸில் உள்ளுக்குள் தேய்ந்துபோனது. எந்த விளக்கமும் தேவைப்படாத சோதனை இது. விற்பவரும் பக்கத்தில் நின்று பார்த்தால் அதற்கு மேல் வாதம் இருக்காது.

கம்ப்ரஷன் சோதனை எல்லாவற்றிலும் உறுதியானது, ஆனால் குளோ பிளக்கையோ நாஸிலையோ கழற்றித்தான் கேஜைப் பொருத்த முடியும். பழைய எஞ்சினில் குளோ பிளக் முறிந்துவிடும் வாய்ப்பு உண்டு என்பதால் விற்பவர் மறுத்தால் அதில் நியாயம் இருக்கிறது. அப்போது, செல்ஃப் சுற்றும்போது அது இழுக்கும் மின்சாரத்தை அளந்து சிலிண்டர்களை ஒப்பிடும் முறையைக் கேளுங்கள். எதையும் கழற்ற வேண்டியதில்லை. எந்த முறையானாலும், மற்றவற்றைவிட ஒரு சிலிண்டர் 10 விழுக்காட்டுக்கு மேல் தாழ்ந்திருந்தால் காரணம் தெரியாமல் வாங்கக் கூடாது. நான் வாங்கிய செடானில் இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் மூன்றாவது சிலிண்டர் அன்றே காட்டிக்கொடுத்திருக்கும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டி என்றால்

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ். 6 நடைமுறைக்கு வந்தது. அந்த டீசல் கார்களின் புகைப்பாதையில் கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரியை அது அவ்வப்போது 600 டிகிரி அளவிலான சூட்டில் எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு நெடுஞ்சாலை ஓட்டம் போலத் தடையின்றிச் சில நிமிடங்கள் ஓட வேண்டும். ஓ.எம்.ஆர். சிக்னல்களில் நின்று நின்று போகும் வண்டிக்கு அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை. எரிப்பு பாதியில் நின்றுபோகும் ஒவ்வொரு முறையும், அதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்குகிறது. டிப்ஸ்டிக்கில் ஏறிய மட்டமும் டீசல் வாடையும் இப்படித்தான் வருகின்றன.

சைலன்சர் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். டி.பி.எஃப். உள்ள வண்டியில் துணி ஏறத்தாழ சுத்தமாகவே வர வேண்டும். கைப்பிடி கரி ஒட்டினால் வடிகட்டி உடைந்திருக்கிறது, அல்லது அடைப்பின் தொல்லை தாங்காமல் உள்ளே இருந்ததைக் குடைந்து எடுத்துவிட்டார்கள். புதியது வாங்கிப் போடும் செலவு மிகப் பெரிது. ஸ்கேனரில் டி.பி.எஃப்.இன் கரி அளவையும் கடைசியாக எப்போது சுத்தமானது என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

விலை பேசுமுன் மீண்டும் ஒரு காலை

குளோ பிளக், பேட்டரி, எஞ்சின் மவுண்டிங், வால்வு கவர் கசிவு, ஹோஸ்கள், இ.ஜி.ஆர். சுத்தம், ரசீதில்லாத டைமிங் பெல்ட் ஆகியவற்றுக்காக ஒரு நல்ல வண்டியைக் கைவிட வேண்டாம். செலவைக் கணக்கிட்டு விலையில் குறைத்துக்கொள்ளலாம். நாஸில்களும் டர்போவும் விலை வெகுவாக இறங்கினால் மட்டும் யோசிக்கத்தக்கவை. ஆயிலில் தண்ணீர், தண்ணீரில் ஆயில், கடுமையான பேக் கம்ப்ரஷன், உலோகத் துகள், ராவிய எஞ்சின் எண், ஏர் ஃபில்டர் பெட்டியில் வண்டல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

மனம் ஒப்பிய வண்டிக்கும் அன்றே டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். ஓட்டி முடித்து, எஞ்சின் ஆறிய பிறகு, கூலன்ட் தொட்டியில் நீர்மட்டம் நிற்கும் இடத்தில் ஒரு மெல்லிய பேனாக் கோடு போடுங்கள். டிப்ஸ்டிக்கின் மட்டத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சினுக்கு நேர் கீழே ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துவிட்டு வாருங்கள். மறுநாள் காலை ஆறு மணிக்குப் போய், அந்த அட்டையை இழுத்து வெளிச்சத்தில் பாருங்கள். சொட்டு விழாமல் அட்டை உலர்ந்திருந்து, கோடு போட்ட இடத்திலேயே நீர் நின்று, எஞ்சின் நேற்றுப்போலவே இரண்டு நொடியில் எழுந்தால், அதன் பிறகு விலை பேச உட்காரலாம்.